நெட்டோட்டப் பயிற்சி: உடம்பு சுணங்கும் வாரங்கள், மனம் சுணங்கும் வாரங்கள்

நெட்டோட்டம் (மாரத்தான்) 42.195 கிலோமீட்டர். வாரத்துக்குச் சராசரியாக 35 கிமீ என்று வைத்துக்கொண்டாலும், அதற்கான 18 வாரப் பயிற்சி 630 கிமீ. பந்தய நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறைய. அந்த 630 கிமீக்குள் என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள் குறைவு. அதனால் முதன்முறை பதிவுசெய்தவர்களில் சிலர் ஆறாம் வாரத்தில் "எனக்கு இது ஒத்துவராது" என்று நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் பத்தாம் வாரத்தில் வலிக்கும் காலோடு ஓடி, எலும்பில் விரிசலை வாங்கிக்கொள்கிறார்கள். முன்னவர் நின்றிருக்க வேண்டியதில்லை. பின்னவர் நின்றிருக்க வேண்டும்.

இந்த ஏற்ற இறக்கங்களுக்கு ஓரளவு நாள்கணக்கு உண்டு. டிசம்பர் தொடக்கத்துச் சிங்கப்பூர் நெட்டோட்டத்தை மனத்தில் வைத்து, ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ பயிற்சியை ஆரம்பிப்பவருக்கு அந்தக் கணக்கை விளக்குவதே இந்தக் கட்டுரை. ஏற்கெனவே வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 20 கிமீ அளவுக்குச் சிரமமில்லாமல் ஓடுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறோம். அது இல்லையென்றால் முதலில் மூன்று மாதம் செலவிட்டு அந்த நிலைக்கு வாருங்கள். இந்த ஆண்டு 10 கிமீ பிரிவில் ஓடினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். நம் இந்தியச் சமூகத்தில் இதய நோயும் நீரிழிவும் இளம் வயதிலேயே எட்டிப்பார்க்கும். 40 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ உள்ளவர்கள், அப்பா அண்ணன் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தினர் ஆகியோர் காலணி வாங்கும் முன் பலதுறை மருந்தகத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால், வயது எதுவானாலும், அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேகம்

ஓடும்போது உடம்பில் சிறுசிறு சேதங்கள் ஏற்படுகின்றன. ஓய்வில் அவை சரியாகும்போது முன்பைவிடச் சற்று வலுவாகக் கட்டப்படுகின்றன. இது பலருக்கும் தெரிந்ததுதான். உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வலுப்பெறுவதில்லை என்பதுதான் பலர் கவனிக்காத செய்தி.

முதலில் மாறுவது இரத்தம். புழுக்கத்தில் தொடர்ந்து ஓடினால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும். அதே வேகத்தில் ஓட இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடித்தால் போதும். அடுத்து தசைகள். தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்களும், சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருக நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் போன்றவை உறுதிப்பட மாதக்கணக்கு ஆகும். கடைசி ஆள் எலும்பு. கூடுதல் சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கும். அதன் பிறகே புதியதை நிரப்பும். இப்படி ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகலாம். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும்.

இப்போது மூன்றாம் வாரத்தை நினைத்துப் பாருங்கள். மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். முன்பு நாக்குத் தள்ளவைத்த 8 கிமீ இப்போது பேசிக்கொண்டே முடிகிறது. கைக்கடிகாரம் காட்டும் எண்களும் நன்றாக இருக்கின்றன. மனம் மூச்சை வைத்துத்தான் முடிவெடுக்கும். ஆகவே "இன்னும் 5 கிமீ போகலாம்" என்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்கோ இன்னும் பழைய பகுதியைக் கரைக்கும் வேலையே முடிந்திருக்காது. களைப்பான வாரங்கள்தான் ஆபத்தானவை என்று பொதுவாக நினைப்பார்கள். எங்கள் கணிப்பில், மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரையிலான இந்த உற்சாகக் காலம்தான் அதைவிட ஆபத்து.

அதற்கான கடிவாளம் எளிது: மூன்று வாரம் ஏற்றம், ஒரு வாரம் இறக்கம். 24, 27, 30 என்று கூட்டினால் நான்காம் வாரம் 22 கிமீக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு 28, 32, 35, அடுத்தது 26. இப்படியே ஏறி உச்ச வாரத்தில் 50 முதல் 55 கிமீ வந்தால் முதல் நெட்டோட்டத்துக்குப் போதும். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதீர்கள் என்ற பழைய விதி ஒரு தோராயம்தான். ஆனால் இறக்க வாரத்தைத் தவிர்க்கவே கூடாது. "நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குக் குறைக்க வேண்டும்?" என்று தோன்றும். எலும்பும் தசைநாணும் எட்டிப்பிடிக்கக் கிடைக்கும் வாரம் அது ஒன்றுதான்.

கூடவே வாரத்தில் இரண்டு நாள், 20 நிமிடம் வலுப் பயிற்சி. உடற்பயிற்சிக்கூடம் தேவையில்லை, வீவக புளோக்கின் படிக்கட்டு போதும். படி விளிம்பில் முன்பாதம் மட்டும் ஊன்றி, ஒற்றைக் காலில் குதிகாலை மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்குவதைக் காலுக்கு 15 முறை, மூன்று சுற்று செய்யுங்கள். இதோடு ஒற்றைக் காலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை. அலுப்பூட்டும் வேலைதான். கெண்டைக்கால் பலமில்லாதவர்களுக்கு 30 கிமீக்குப் பிறகு முதலில் கைவிடுவது அந்தத் தசைதான்.

பேச முடிகிற வேகம்

வாரத்துக்கு நான்கு ஓட்டம் என்றால் மூன்று மெதுவாக இருக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் சொல்லி முடிக்கும் அளவுக்கு. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு இழுத்தால் அது மெதுவோட்டம் இல்லை.

தேசிய சேவை முடித்த ஆண்களுக்கு இதுதான் பெரிய சோதனை. உடலுறுதிச் சோதனையின் 2.4 கிமீ ஓட்டம் உடம்பில் ஊறிப்போயிருப்பதால், காலணியைக் கட்டியதுமே கால் அந்த வேகத்தைத் தேடும். 2.4 கிமீயை 12 நிமிடத்தில் முடிப்பவர் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் ஓடுகிறார். அவருடைய மெதுவோட்டம் நம் ஊர் புழுக்கத்தில் 7 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். அவரோ பயிற்சி முழுவதையும் 5.45, 6 என்று ஓடுவார். அது வேகத்தை வளர்க்கும் அளவுக்கு வேகமும் இல்லை, களைப்பைத் தவிர்க்கும் அளவுக்கு மெதுவும் இல்லை. செவ்வாயும் வியாழனும் இப்படி ஓடியவர் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குக் கனத்த காலோடு வந்து நிற்பார்.

மெதுவாக ஓடுவது உடம்பைவிட மனத்துக்குத்தான் கஷ்டம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் விறுவிறுவென்று நடைபோடும் பாட்டி ஒருவர் நம்மை முந்திப் போகக்கூடும். போகட்டும்.

புழுக்கம் செய்யும் வேலை

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் இருட்டிலேயே ஓடிவிடலாம். ஆனால் அதிகாலை என்றால் குளிர்ச்சி என்று நம்பிவிடக் கூடாது. வெப்பநிலை 25 அல்லது 26 டிகிரிதான் என்றாலும் காற்றின் ஈரப்பதம் அந்நேரத்தில்தான் உச்சத்தில், பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக் காலணிக்குள் இறங்கும். நீரும் போகும், குளிர்ச்சியும் கிடைக்காது.

சூட்டை வெளியேற்ற உடம்பு இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால் துடிப்பு கூட வேண்டியிருக்கிறது. வேகத்தை மாற்றாமலேயே ஒரு மணி நேரத்தில் துடிப்பு 10, 15 கூடுவது இதனால்தான். இதைத் தெரியாதவர் "போன வாரத்தைவிட மோசமாகிவிட்டேன்" என்று முடிவுகட்டி மனம் தளர்வார். குளிர்நாட்டுப் பயிற்சி அட்டவணையில் இருக்கும் வேகங்களை இங்கே அப்படியே பிடிக்க முயல்பவர்களுக்கும் இதே கதிதான். இந்த ஊரில் வேகத்தைவிட மூச்சையும் துடிப்பையும் வைத்து ஓடுவதே நியாயமான கணக்கு.

தண்ணீர் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம், எடைபோட்டுப் பாருங்கள். ஓடும் முன் 68.0 கிலோ. ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குப் பின், துடைத்துக்கொண்டு நின்றால் 66.8 கிலோ. நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் மொத்த வியர்வை 1.7 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர். இழந்ததையெல்லாம் ஓடும்போதே ஈடுகட்ட வயிறு இடம் தராது. பெரும்பாலானோரால் மணிக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை வசதியாகக் குடிக்க முடியும். முடிவில் எடை இரண்டு மூன்று விழுக்காடு குறைந்திருந்தால் கவலை வேண்டாம். எடை கூடியிருந்தால்தான் கவலை. தேவைக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது ஆபத்தான நிலை. தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் புதியவர்கள் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு கோப்பை குடிப்பதால் இது வரக்கூடும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஐசோடோனிக் பானத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் ஓடுகிறவர்கள் மைஎன்வ் செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பார்க்கலாம். காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அந்த அளவு 31க்குக் கீழ் என்றால் குறைவு, 31 முதல் 32.9 வரை மிதம், 33ஐ எட்டினால் அதிகம். அதிகம் என்று காட்டும் நேரத்தில் வேக ஓட்டம் வேண்டாம். கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அதை வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 995ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்து, விசிறிக் குளிர வையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மழையும் திட்டத்தைக் குலைக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்திரா' எனப்படும் சூறைக்காற்றும் இடிமழையும் விடியலுக்கு முன்னிருந்து நண்பகலுக்குள்தான் வழக்கமாக அடிக்கும். சரியாக நம் ஓட்ட நேரம். இடி கேட்டதும் கூரைக்குள் போய்விடுங்கள். தேசிய விளையாட்டரங்கத்தைச் சுற்றியுள்ள கூரையிட்ட வட்டப்பாதை இந்த மாதிரி நாள்களுக்குக் கைகொடுக்கும்.

ஆறாம் வாரத்துச் சலிப்பு

ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் ஆரம்ப உற்சாகம் வடிந்துவிடும். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. பந்தயமோ இன்னும் மூன்று மாதத் தொலைவில். கால் எப்போதும் லேசாகக் கனக்கும். நான்கரை மணி அலாரம் அடிக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழும். இது மனவுறுதி இல்லாததன் அடையாளம் என்று எண்ண வேண்டாம். பயிற்சிச் சுமை கூடக்கூட விளையாட்டு வீரர்களின் மனநிலை இறங்குவதும், சுமை குறைந்ததும் அது மீள்வதும் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்துவரும் ஒன்று.

அலுவலகக் களைப்பும் இதில் சேரும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 90 நிமிடம் கூர்ந்த கவனம் தேவைப்படும் கணினி வேலையைச் செய்தவர்கள், அதன் பிறகு சைக்கிள் மிதிக்கும் சோதனையில் வழக்கத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயத்தின் செயல்பாட்டில் அதற்கேற்ற மாற்றம் எதுவும் இல்லை. அதே உழைப்பு அவர்களுக்கு அதிகக் கடினமாகத் தோன்றியது, அவ்வளவுதான். மாதக் கடைசியில் கணக்கு முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு ஓடினால் கால் இரும்பாகக் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வாரத்தின் முக்கியமான ஓட்டங்களை மூளை களைக்காத நேரத்துக்கு மாற்றுங்கள். வேலை நாள் மாலையில் மெதுவோட்டம் மட்டும் போதும்.

சலிப்பான நாளுக்கு ஒரு நடைமுறை உண்டு. காலணியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிப் பத்து நிமிடம் ஓடுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றே தோன்றினால் திரும்பி வந்துவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. உண்மையான களைப்பு பத்து நிமிடத்தில் கூடும். வெறும் சலிப்பு பத்து நிமிடத்தில் கரையும்.

ஓடினால் ஒருவிதப் போதை போன்ற இன்பம் வரும் என்று கேள்விப்பட்டவர்கள், தங்களுக்கு அது வரவில்லையே என்று ஏங்குவதும் உண்டு. அதற்கு எண்டார்ஃபின் காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கஞ்சாவில் இருப்பவற்றை ஒத்த, உடம்பே சுரக்கும் கன்னபினாய்டு வகைப் பொருள்களுக்கு அதில் பெரும்பங்கு என்பதே அண்மைய ஆய்வுகள் காட்டும் திசை. அது எல்லாருக்கும் வருவதில்லை, ஒவ்வொரு முறையும் வருவதுமில்லை. வராவிட்டால் பயிற்சி தவறு என்று பொருளில்லை.

உச்ச வாரங்கள்: பசி, தூக்கம், வீட்டார்

பத்தாம் வாரத்திலிருந்து பதினைந்தாம் வாரம் வரை ஞாயிறு ஓட்டம் 22, 25, 28, 30 என்று நீளும். மூன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். 32 கிமீயைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிட, மீள ஆகும் நாள்கள் அதிகம்.

இடத் தேர்வும் மனத்தோடு சம்பந்தப்பட்டது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் தொடங்கி மெரினா அணைக்கட்டுப் பக்கம் போய்த் திரும்பும் பாதையில் காட்சி மாறும், கடற்காற்று கிடைக்கும். பிடோக் நீர்த்தேக்கத்தின் சுற்று 4.3 கிமீதான், ஒவ்வொரு சுற்றிலும் கழிவறை, தண்ணீர், நிறுத்திவைத்த வண்டி எல்லாம் கண்ணில் படும். முதன்முறை 25 கிமீ ஓடும் நாளுக்குப் பாதுகாப்பு கருதி பிடோக்கையே பரிந்துரைப்போம். ஆறாவது முறையாக வண்டியைக் கடந்தும் நிற்காமல் போவது 35ஆவது கிலோமீட்டருக்கு நல்ல ஒத்திகை.

நீண்ட ஓட்டம் முடிந்ததும் பசியே இருக்காது. ஒன்றிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் விட்டுவிடுவோம். பிறகு இரவில் குளிர்சாதனப்பெட்டியைக் காலி செய்வோம். இதைத் தவிர்க்க, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தோடு 20 முதல் 30 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். இரண்டு தோசையும் சட்னியும் மட்டும் போதாது. பயிற்சியின் நடுவே புரட்டாசி வந்துவிடும். அந்த மாதத்தில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பருப்பு, தயிர், கொண்டைக்கடலை, தவ்குவா, தெம்பே ஆகியவற்றைக் கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு தே தாரிக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் இடைவெளி விடலாம். சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். காரணமில்லாத களைப்பு வாரக்கணக்கில் நீடிக்கும் பெண்கள் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டத்துக்கு முன்னால் ரொட்டி பரோட்டா வேண்டாம். கொழுப்பு இரைப்பையில் தங்கி 15ஆவது கிலோமீட்டரில் வேலையைக் காட்டும். காயா தடவிய இரண்டு ரொட்டித் துண்டு, வாழைப்பழம், ஒரு கோப்பி, இவை பெரும்பாலானோர் வயிற்றுக்கு ஒத்துவரும்.

இந்த வாரங்களில் எரிச்சல் வரும். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கே படுக்கப் போகிறவர், ஞாயிறு மதியம் சோபாவில் சரிகிறவர், கல்யாண வரவேற்பில் கடிகாரத்தைப் பார்க்கிறவர். வீட்டாருக்கு இவரோடு வாழ்வது கஷ்டம்தான். போதாக்குறைக்கு உறவினர் வீட்டில் "என்னப்பா, இப்படி இளைச்சுப் போயிட்டே? உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்ற விசாரிப்பு வேறு. ஆறு நீண்ட ஓட்டங்களின் தேதிகளையும் ஆகஸ்டிலேயே குடும்ப நாள்காட்டியில் குறித்து, "காலை ஒன்பதுக்குள் வீட்டில் இருப்பேன்" என்று சொல்லி, அப்படியே இருந்தால் பாதிச் சண்டை குறையும். தீபாவளி அக்டோபர் பின்பாதியிலோ நவம்பர் முன்பாதியிலோ வரும். அந்த வாரத்தையே இறக்க வாரமாக வைத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியல், முறுக்கு, இரவு விழிப்பு எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும், அட்டவணையும் கெடாது.

செப்டம்பர், அக்டோபரில் சில ஆண்டுகளில் புகைமூட்டம் வரும். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் நீண்ட ஓட்டத்தை வெளியில் ஓட வேண்டாம். ஒரு நீண்ட ஓட்டம் விட்டுப்போனால் அதை வார நாளில் திணித்து ஈடுகட்ட முயலாதீர்கள், போனது போகட்டும்.

சின்னத் தொல்லைகளில் தோல் உரசல்தான் பெரிது. தொடை இடுக்கு, அக்குள், மார்க்காம்பு ஆகிய இடங்களில் வாசலினைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். நனைந்த காலணி ஒரு நாளில் காயாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடலாம், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்தால் ஈரம் இழுக்கும். ஒரு ஜோடி 500 முதல் 800 கிமீ வரை உழைக்கும்.

எது வழக்கமான வலி, எது நிறுத்த வேண்டிய வலி

ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரு கால் தசைகளிலும் ஒரே மாதிரி வலி இருந்து, நடக்க நடக்கக் குறைந்தால் அது வழக்கமானது. ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், ஓட ஓடக் கூடும் வலி வேறு வகை. கணுக்காலுக்கு மேல் உள்பக்கத்து எலும்போரம் விரலால் தடவிப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்புறை அழற்சி. தூரத்தைப் பாதியாக்கி, இரண்டு வாரம் மென்மையான தரையில் ஓடினால் பலருக்கும் அடங்கும். ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் அழுத்தும்போது சுருக்கென்றால், அல்லது அந்தக் காலில் மட்டும் குதித்தால் வலித்தால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பு விரிசல் என்று சந்தேகித்து அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மறுபடி ஓடத் தொடங்கிவிட வேண்டாம்.

பொதுவான களைப்பைக் கண்காணிக்கக் காலையில் படுக்கையைவிட்டு எழும் முன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட 5 முதல் 10 வரை கூடுதலாக மூன்று நாள் தொடர்ந்தால் ஓய்வு. உடம்பு களைத்திருந்தும் தூக்கம் வராமல் புரளுவது, அடிக்கடி சளி பிடிப்பது, பிடித்த சாப்பாடும் பிடிக்காமல் போவது, நான்கு நாள் ஓய்வுக்குப் பிறகும் கால் தேறாதது, இவை சேர்ந்து வந்தால் பயிற்சி அளவை மீறிவிட்டது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது 'உடம்பு ஃபிட்டாகிவிட்டது' என்பதற்கு அறிகுறி இல்லை. போதிய உணவு இல்லாமல் எலும்பு தேய்கிறது என்ற எச்சரிக்கையாக அது இருக்கக்கூடும். ஓட்டத்தில் மட்டுமின்றி எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைப் பயிற்சிச் சலிப்பு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடமோ, 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலோ பேசலாம்.

கடைசி மூன்று வாரங்கள்

இப்போது தூரத்தைக் குறைக்க வேண்டும். உச்ச வாரம் 52 கிமீ என்றால் அடுத்தவை 40, 30 என்று இறங்கும். பந்தய வாரத்தில் பந்தயம் நீங்கலாக 12 கிமீ போதும். ஓடும் நாள்களின் எண்ணிக்கையையும், இடையிடையே ஒரு நிமிட விரைவோட்டத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். குறைவது நீளம் மட்டுமே.

ஓய்வு வாரம் என்றால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அதுவரை களைப்புக்குக் கீழே அமுங்கிக் கிடந்த பதற்றம் மேலே வரும். முழங்காலில் புதிதாக ஒரு வலி, தொண்டையில் ஒரு கரகரப்பு, நேற்றுவரை இல்லாத இடத்தில் ஒரு பிடிப்பு. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு நாளில் காணாமல் போகும். எடையும் ஒன்று அல்லது இரண்டு கிலோ ஏறும். கொழுப்பு ஏறிவிட்டது என்று பயந்து சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்துதான் கிளைக்கோஜன்; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்து தசையில் தங்குகிறது. ஏறியது அந்த எரிபொருள்தான். "ஒரே ஒரு தடவை 25 கிமீ ஓடிப் பார்த்துவிடுவோமா?" என்ற ஆசை மட்டும் உண்மையான ஆபத்து. இந்த மூன்று வாரத்தில் ஓடும் எதுவும் பந்தயத்துக்கு முன் பலனாக மாறப் போவதில்லை.

கடைசி இரண்டு நாள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 கிராம் அளவில் மாவுச்சத்து தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 480 கிராம். 200 கிராம் சோற்றில் ஏறத்தாழ 55 கிராம்தான் இருக்கிறது என்பதால் இது நினைப்பதைவிட அதிகச் சாப்பாடு. வெள்ளைச் சோறு, இட்லி, ரொட்டி, பழச்சாறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கீரையும் பயறும் காரமும் இரண்டு நாள் ஓரமாக இருக்கட்டும்.

பந்தயத்தின் மூன்று பகுதிகள்

அண்மைய ஆண்டுகளில் சிங்கப்பூர் நெட்டோட்டம் அதிகாலை 4.30 மணி வாக்கில் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிட வேண்டும். அந்நேரத்தில் சாப்பிட வயிற்றைப் பழக்குவதற்காகவே இரண்டு நீண்ட ஓட்டங்களை அதே நேரத்தில் ஓடிப் பாருங்கள். வழக்கமான எம்ஆர்டி சேவை இருக்காது என்பதால் போய்ச்சேரும் வழியையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். முந்தின இரவு தூக்கம் வராது. அதனால் பெரிய பாதிப்பும் இல்லை. அதற்கு முந்தின இரவுத் தூக்கம்தான் முக்கியம்.

முதல் 10 கிமீ மிக எளிதாகத் தோன்றும். அந்த எளிமையை நம்பாமல், திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 10 விநாடி மெதுவாகப் போங்கள். காரணம் எரிபொருள் கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்க முடிந்த கிளைக்கோஜன் சுமார் 2,000 கலோரி. ஓட்டத்துக்கு ஆகும் செலவு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 65 கிலோ உள்ளவருக்கு மொத்தம் 2,700க்கு மேல். ஒரு பங்கைக் கொழுப்பு தரும் என்றாலும், வேகம் கூடினால் கொழுப்பின் பங்கு குறைந்து கிளைக்கோஜன் சீக்கிரம் தீரும். அப்போது 30 முதல் 35 கிமீக்குள் கால் திடீரென்று மறுக்கும். ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்று பேசிக்கொள்வது இதைத்தான். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டால் அது தள்ளிப்போகும். ஒரு ஜெல்லில் (ஓடிக்கொண்டே பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலம்) 20 முதல் 25 கிராம் இருப்பதால் அரை மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஜெல்லைப் பசி வருவதற்கு முன், 40 நிமிடத்துக்குள் தொடங்குங்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று தொட வேண்டாம்.

நடுப்பகுதியில் சொல்வதற்கு அதிகமில்லை. சலிக்கும், பொறுக்க வேண்டும்.

30 கிமீக்குப் பிறகு மூளைக்குப் போகும் சர்க்கரையும் குறையத் தொடங்கலாம். அப்போது எழும் "இது வேண்டாம், நான் இதற்கு லாயக்கில்லை" போன்ற எண்ணங்களைப் பசியின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு ஒரு ஜெல் சாப்பிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பலருக்கு மனம் தெளியும். மிச்சம் 12 கிமீ என்று எண்ணாமல் அடுத்த தண்ணீர் மேசை வரை மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேசையருகே 30 விநாடி நடப்பதை முதலிலிருந்தே திட்டமாக வைத்துக்கொண்டவர்கள், கடைசியில் வேறு வழியின்றி நடக்க நேர்ந்தவர்களைவிடச் சீராக முடிப்பார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முடிந்த பிறகு சிறுநீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறி அது.

முடிந்த பிறகு

இரண்டாம் நாள்தான் வலி உச்சம். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள். முதல் வாரம் நடையும் நீச்சலும் மட்டும். இரண்டாம் வாரம் 20, 30 நிமிட மெதுவோட்டம். வேக ஓட்டம் நான்காம் வாரத்துக்குப் பிறகுதான்.

உடம்பு தேறத் தொடங்கும் மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒரு வெறுமை வரும். நான்கு மாதமாக ஒவ்வொரு நாளையும் ஒழுங்குபடுத்திய அட்டவணை இல்லை, அலாரம் இல்லை, உடன் ஓடியவர்களின் வாட்சாப் குழுவும் அடங்கிவிட்டது. இந்த வெறுமையை நிரப்பத்தான் பலர் அடுத்த நெட்டோட்டத்துக்கு அவசரமாகப் பதிவுசெய்கிறார்கள். மார்ச் மாதம் காயத்தோடு உட்கார்கிறவர்களில் கணிசமானோர் இவர்கள்தான். முன்பதிவுச் சலுகை முடிந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு வாரம் பொறுத்துப் பணம் கட்டுங்கள். அதற்குள் நண்பர்களோடு மெக்ரிச்சியில் கடிகாரம் கட்டாமல் ஒரு நடை போய்விட்டு, அலாரத்தை ஏழு மணிக்கு மாற்றிவையுங்கள்.